இடது கைக்கு ஓர் உறை

அந்த அக்கா யாருடைய முகத்தையும் முதலில் பார்க்கமாட்டார். கையைத்தான் பார்ப்பார். வாசலில் போய் நின்று "அக்கா" என்று கூப்பிட்டால், நிமிரும் கண்கள் நேராக என் மணிக்கட்டில் வந்து நிற்கும். அங்கிருந்து விரல்களுக்குப் போகும். அதற்குப் பிறகுதான் முகத்துக்கு ஏறி, "ஏட்டி, வந்தியா?" என்பார். முதல் தடவை என் கையில் ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து நைட்டியில் துடைத்துக்கொண்டேன்.

நாகர்கோவில் வடசேரியில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவருடைய அப்பா வீடு. அக்கா வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில், மூளை நம் கைகால்களை எப்படி அசைக்கிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். டாக்டர் பட்டம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. இது பட்டத்துக்கு அப்புறம் செய்கிற ஆராய்ச்சி. தெருவுக்கு இது விளங்கவே இல்லை.

"ஒருத்தி பட்டம் வாங்கின பொறவும் படிச்சிட்டு இருக்கான்னா, முந்தி ஒழுங்காப் படிக்கல்லன்னுதான அர்த்தம்?" என்றார் என் மைனி.

மைனி என்பது என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். கணவர் மஸ்கட்டில் வேலையில் இருந்தார். வீட்டில் நான், மைனி, நான்கு மாதக் குழந்தையாக என் மகன்.

எனக்குப் பயம் அதிகம். மகன் தும்மினால் பயம், தும்மாமல் இருந்தால் பயம். மலத்தின் நிறத்தைப் பார்த்துப் பக்கத்து வீடுகளில் போய் விசாரித்திருக்கிறேன். மைனி சிரிப்பார். போனில் கணவர் சிரிப்பார். தடுப்பூசி போடுகிற நர்ஸ்கூட ஒருநாள், "நீங்க பி.எஸ்ஸி. படிச்சவங்கதானே?" என்று கேட்டுச் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நான் சொல்வதை முழுக்கக் கேட்டு, குழந்தையைப் பார்த்து, "இது ஒண்ணும் இல்ல. பேடிக்காத" என்பார். பயப்படாதே என்கிற அந்தப் 'பேடிக்காத' என்ற சொல்லுக்காகவே நான் தினமும் அந்த வீட்டுக்குப் போனேன். இப்போது நினைத்தால், அவரிடம் நான் கேட்டது பதிலை அல்ல, அந்த ஒரு சொல்லைத்தான் என்று தோன்றுகிறது. அப்படியானால் என் பக்கமும் தவறு உண்டா என்று இன்றுவரை என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அவர் ஊருக்கு வந்ததற்குக் காரணம் அவருடைய அப்பா. பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. என் மகன் பிறப்பதற்கு முன்பே அக்கா, ஒன்றரை வருடம் ஊரில் இருக்கத் தன் பேராசிரியரிடம் அனுமதி வாங்கி வந்திருந்தார். சும்மா இருக்க முடியாது என்பதால் இங்கிருந்தே செய்யக்கூடிய ஒரு கேள்வியைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் குழந்தையை இடது இடுப்பில்தான் வைத்துக்கொள்வோம். வலது கை வேலைக்கு வேண்டும் அல்லவா? அப்படி இருக்கிற குழந்தையின் வலது கை தாயின் முதுகுப் பக்கம் போய்விடும். இடது கைதான் முன்னால், வெளியே இருக்கும். ஒரு பிள்ளை முதலில் எந்தக் கையை நீட்டிப் பொருளை எடுக்கப் பழகுகிறது என்பதில் இந்த இடுப்புக்குப் பங்கு உண்டா? இதுதான் அவருடைய கேள்வி. தெருவிலும் சுற்றுவட்டத்திலும் பத்துப் பன்னிரண்டு கைக்குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய், ஒரு சிவப்புக் கிலுக்கை, அதாவது கிலுகிலுப்பையை, நடுநெஞ்சுக்கு நேராக நீட்டி, பிள்ளை எந்தக் கையால் பிடிக்கிறது என்று வீடியோ எடுப்பார். அந்தக் குழந்தைகளில் ஒருவன் என் மகன்.

"பிள்ள பல்லு மொளைக்காம கெடக்கு, அதுக்குள்ள சினிமா எடுக்காளாம்" என்றார் மைனி. ஆனால் வீடியோ நாளன்று அவனுக்குப் பவுடர் போட்டு, தான் தைத்த சட்டையை மாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பதும் அவர்தான்.

அக்காவுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. யாருக்கும் ஒன்றை எட்டி எடுத்துக் கொடுக்கமாட்டார். பிள்ளை கிலுக்கை எட்ட முடியாமல் அழும். நான் தாங்காமல் நகர்த்தப் போனால், "விடு. அவனே எடுப்பான்" என்பார். அவர் அப்பா விஷயத்திலும் அப்படித்தான். தேநீர் தம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வார். அப்பாவின் நல்ல கையை, அதாவது இடது கையை, ஒரு துவர்த்தால் நாற்காலிக் கையோடு கட்டியிருப்பார். குளித்துத் துவட்டும் அந்த மெல்லிய துண்டுதான், இறுக்கமாகக்கூட இருக்காது. விழுந்துபோன வலது கை தம்ளரை நோக்கி நகரும், நிற்கும், நடுங்கும். தேநீரில் ஏடு படியும்.

"பெத்த அப்பன நாற்காலில கெட்டிப்போட்டு வேடிக்க பாக்கியே, நீயெல்லாம் ஒரு மவளா?" என்று கிழவர் ஏசுவார்.

"ஏசுங்கப்பா. ஏசும்போது வாயும் நல்லா வருது" என்பார் அக்கா. என் பக்கம் திரும்பி, "நல்ல கை சும்ம கெடந்தாத்தான் கெட்ட கை வேலைக்கு வரும். மூளைக்கு வேற வழியே இல்லன்னு ஆக்கணும். தள்ளிப்போடப் போட மூளை அந்தக் கைய மறந்துடும், கேட்டியா?" என்று விளக்குவார்.

கேட்டேன். நன்றாகவே கேட்டேன். துவர்த்து கட்டத் தொடங்கி நான்கு மாதம் ஆன ஒரு காலையில் அந்தக் கிழவர் தம்ளரை வலது கையால் தூக்கி, பாதியைச் சட்டையில் சிந்தி, மீதியைக் குடித்தார். அவர் மனைவி வாசலுக்கு ஓடிவந்து தெருவையே கூப்பிட்டார். நானும் போய்ப் பார்த்துக் கண் கலங்கினேன். அன்றோடு அக்கா எனக்கு வேறு ஆள் ஆகிவிட்டார். அவர் சொன்னால் சரி.

ஒருநாள் மூடி போட்ட தூக்குவாளி ஒன்றை மேசையில் வைத்து, "பால் நெறைய இருக்கு. பைய, சிந்தாம எடுத்து அந்தப் பக்கம் வையி" என்றார். நான் பலம் கொடுத்துத் தூக்கினேன். வாளி காலி. என் கை தோளுக்கு மேலே பறந்து, வாளி உத்தரத்தில் இடிக்காத குறை. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"உனக்க கை தொடுகதுக்கு முந்தியே மூளை எடைய முடிவு பண்ணிட்டு, பாத்தியா? பால் இருக்குன்னு நான் சொன்னத நம்பிட்டு."

தோவாளைக்கு ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். பூச்சந்தையில் ஒரு பெண் விலை பேசிக்கொண்டே, விரலைப் பார்க்காமலே பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தவர் எழவே இல்லை. கடைசியில் அந்தப் பெண், "உங்களுக்குப் பூ வேணுமா, இல்ல எனக்க வெரலு வேணுமா? வெரலுன்னா வெல கூடும்" என்றாள். சுற்றிலும் சிரிப்பு. அக்கா சிரிக்காமல், "இடது கை சுண்டு விரல் என்னத்துக்கு ஒதுங்கி நிக்கு?" என்று கேட்டார். அந்தப் பெண் தன் சுண்டுவிரலை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அதன்பிறகு சற்று நேரம் அவளுக்குப் பூக் கட்ட வரவில்லை. அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள்.

இன்னொரு நாள் முட்டத்தில். அவர் வீடியோ எடுக்கும் குழந்தைகளில் ஒன்று அங்கே ஒரு மீன்காரர் வீட்டில் இருந்தது. வேலை முடிந்து கடற்கரைப் பாறைப் பக்கம் நின்றிருந்தோம். ஒரு சின்னப் பெண் ஓடிவந்து எங்கள் காலடியிலேயே வழுக்கி விழுந்தாள். கை நீட்டினால் பிடித்திருக்கலாம், அவ்வளவு பக்கம். அக்கா அசையவில்லை. நான் ஓடிப்போய்த் தூக்கிக் கால்முட்டியின் ரத்தத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, "ரெண்டு கையும் ஒரே நேரத்துல முன்னால போச்சு. நல்ல பிள்ள" என்றார். அது எனக்கு என்னவோபோல இருந்தது. படித்தவர்கள் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகனுக்கு ஆறாவது மாதத்தில் சோறு கொடுத்தோம். கோயிலில் வைத்து முதல் சோறு ஊட்டிய பிறகு, குழந்தை முன்னால் ஒரு தட்டில் புத்தகம், பேனா, நெல், பொன் எல்லாம் பரப்பி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். எதை எடுக்கிறானோ அந்த வழியில் போவான் என்பார்கள். பேனாவை எடுத்தான். இடது கையால். உறவுக்காரர்கள் கை தட்டப் போனவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். "வலது கையால எடு மக்கா" என்று பேனாவைப் பிடுங்கித் திரும்ப வைத்தார் மைனி. மறுபடியும் இடது கை. மூன்றாவது தடவையும் இடது கை. அக்கா தூணருகே நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மண்டபத்தை விட்டு இறங்கும்போது என் காதருகே, "உனக்க மவன் எனக்கு வைரம்டி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவருடைய மற்றக் குழந்தைகள் ஒரு நாள் இந்தக் கை, ஒரு நாள் அந்தக் கை என்று இருந்தன. என் மகன் ஒருவன்தான் எப்போதும் ஒரே கை.

அன்று மாலையே மைனி மெஷின் முன்னால் உட்கார்ந்தார். ஜாக்கெட் லைனிங்கில் மிஞ்சிய மஞ்சள் துணியில், உள்ளங்கை அளவுக்கு ஒரு சிறிய உறை. மணிக்கட்டில் கட்ட ஒரு நாடா.

"இடங்கையனா வளந்தா, நாளைக்குக் கல்யாண வீட்டுப் பந்தியில பக்கத்துல இருக்கவன் எலையோட எழும்பிப் போவான். இப்பமே திருத்தணும்" என்று, விளையாடும் நேரத்தில் அவன் இடது கைக்கு அதை மாட்டிவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மைனியை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் அப்படி ஓடியது. அதில் கடைசி நாள் காலையில் மைனி சத்தம் போட்டுக் கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால், மகன் எப்போதும் கட்டைவிரலை உள்ளே வைத்து மடக்கியே வைத்திருக்கும் வலது கையால் கிலுக்கைத் தட்டிக்கொண்டிருந்தான். பிடிக்கவில்லை, தட்டினான். விரல்கள் பாதி திறந்திருந்தன.

அன்று பிற்பகல் அக்கா வீடியோ எடுக்க வந்தார். உறையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது ஆருக்க வேல?"

"மைனிதான் அக்கா. இடங்கையா போயிரக்கூடாதுன்னு..."

அவரே குனிந்து நாடாவை அவிழ்த்தார். "இடங்கை நோயா? இந்தக் காலத்துல, நீ படிச்ச பிள்ள, இதுக்கெல்லாம் சும்ம நிக்கலாமா? நீ இடுப்புல வைக்கிற பழக்கத்துல வந்த கை அது. அவன் போக்குல விடு. இன்னிமே இதக் கெட்டாத."

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. நேராக உள்ளே போனேன். மைனி தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒருநாளும் இல்லாத சத்தத்தில், "என் பிள்ளைக்க கைய இன்னிமே நீங்க கெட்டாண்டாம்" என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன். படிக்காதவர்கள் என்றேன். பிள்ளை பெறாதவர்களுக்கு என்ன தெரியும் என்றும் சொன்னேன். மைனி என்னைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். தேநீரை இரண்டு தம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டு, முன்னறைக்குப் போய் மெஷினைத் துணி போட்டு மூடினார்.

தேநீரோடு நான் திரும்பியபோது அக்கா கேமராவை மடக்கிக்கொண்டிருந்தார். "நல்லா வெளையாடினான். பேடிக்காத" என்றார்.

அதன்பிறகு எட்டு மாதம் அவர் ஊரில் இருந்தார். அந்த எட்டு மாதத்தில் நான் மூன்று முறை கேட்டேன். வலது கையை மடக்கியே வைத்திருக்கிறானே அக்கா என்று ஒருமுறை. தவழும்போது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறானே என்று ஒருமுறை. விழுந்தால் ஒரு கைதான் முன்னால் வருகிறது, முட்டத்தில் விழுந்த பிள்ளைக்கு இரண்டு கையும் வந்ததே என்று ஒருமுறை. மூன்றாவது முறை கேட்டபோது அவர் கேமராவைக் கீழே வைத்தார். என் மகனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எல்லாப் பிள்ளையும் ஒண்ணுபோல இருக்குமாட்டி? நான் பாக்காமலா இருக்கேன்?" என்றார். போனில் கணவரிடம் சொன்னேன். "அவங்க அதையே படிச்சவங்க. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ சும்ம மனசப் போட்டு அலட்டாத" என்றார். நான் அலட்டாமல் இருக்க முயன்றேன். வாழ்க்கையிலேயே நான் பயத்தை அடக்கிப் பழகிய மாதங்கள் அவை.

போகும்போது ஒவ்வொரு தாய்க்கும் அவரவர் குழந்தையின் வீடியோக்களை ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்தார். "அவன் பெரிசான பொறவு போட்டுக் காட்டு" என்றார். வீட்டில் அப்போது கம்ப்யூட்டர் இல்லை. தடுப்பூசி அட்டையோடு சேர்த்து அலமாரியில் பத்திரமாக வைத்தேன்.

மகன் ஒன்றேமுக்கால் வயதில் நடந்தான். வலது குதிகால் தரையில் படவில்லை. மைனிதான் சொன்னார். அந்தச் சண்டைக்குப் பிறகு என் பிள்ளையைப் பற்றி அவராக ஒன்றும் சொன்னதில்லை. அன்று மெஷினை நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல், "டாக்டர்கிட்ட காட்டு பிள்ள" என்றார்.

ஊரிலேயே ஒரு குழந்தைகள் டாக்டரிடம் போனோம். அவர் மகனின் இரண்டு கைகளையும் மெதுவாக விரித்து, மடக்கி, திரும்ப விரித்துப் பார்த்தார். எப்போதிலிருந்து இடது கையை மட்டும் உபயோகிக்கிறான் என்று கேட்டார். ஆறு மாதத்திலிருந்து என்றேன். கொஞ்சம் பெருமையோடுகூடச் சொல்லியிருப்பேன், அத்தனை சின்ன வயதிலேயே என்று.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "ஒரு வயசுக்குள்ள பிள்ளைங்களுக்கு இந்தக் கை அந்தக் கைன்னு உறுதியா வராதும்மா. வந்துச்சுன்னா, அந்தக் கை நல்ல கைன்னு சந்தோஷப்படக்கூடாது. மத்தக் கைக்கு என்னன்னு பாக்கணும்" என்றார். பிறப்பதற்கு முன்போ பிறக்கும்போதோ மூளையின் இடது பக்கத்தில் ஒரு சிறு காயம் ஏற்பட்டிருக்கலாம். வலது கையும் காலும் அதனால் பலம் குறைந்தவை. மோசமான அளவில் இல்லை. பயிற்சி கொடுத்தால் நன்றாக வரும்.

"முந்தியே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"இன்னும் நல்லா இருந்திருக்கும். எவ்வளவு நல்லான்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார். பாவம், நல்ல மனிதர். அந்தப் பதில்தான் இன்றுவரை என்னைத் தின்கிறது.

பயிற்சி அறையில் ஒரு பெண் மகனைப் பாயில் உட்காரவைத்து, அவனுடைய இடது கைக்கு ஒரு துணி உறையை மாட்டி நாடாவைக் கட்டினார். வலது கைப் பக்கம் பொம்மையை நீட்டினார். "நல்ல கைய கொஞ்ச நேரம் இப்பிடி மூடி வச்சாத்தான் இந்தக் கை வேலை செய்யும். வீட்டுலயும் தினம் செய்யணும். இதுமாதிரி ஒண்ணு தைச்சுக்கோங்க" என்றார்.

அதற்குமேல் அந்தப் பெண்ணின் குரல் என் காதில் விழவில்லை. துவர்த்தும் நாற்காலியும் ஏசிக்கொண்டிருக்கும் கிழவரும்தான் கண்முன் வந்தன. பால் நிறைந்திருக்கிறது என்று நம்பித் தூக்கிய வாளிபோல என் கை, உடம்பு எல்லாம் லேசாகி எங்கோ பறந்தது. பக்கத்தில் இருந்த மைனியின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மைனி தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து அடியில் கை விட்டார். அதே மஞ்சள் உறை. தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார். மகனின் கையில் வைத்து அளந்து பார்த்தார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"கை வளந்துட்டு" என்றார். கத்திரியின் முனையால் தையலைப் பிரித்து, விளிம்பில் வேறு துணி கொடுத்துப் பெரிதாக்கினார்.

அந்த மாதம் கணவர் விடுமுறையில் லேப்டாப்போடு வந்தார். மகனின் பழைய வீடியோ ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர். அலமாரியிலிருந்து சி.டி.யை எடுத்துப் போட்டோம். தேதிவாரியாக வரிசையாக இருந்தன. பவுடர் பூசிய முகம், சிவப்புக் கிலுக்கு, இடது கை, இடது கை, இடது கை. சோறு கொடுத்த நாள். அடுத்ததைப் போட்டேன்.

எங்கள் வீட்டு அறைதான். நாற்காலிக் கையில் மஞ்சள் உறை தொங்குகிறது. உள்ளே என் குரல் கேட்கிறது, உரக்க, கூர்மையாக. மைனியிடம் நான் கத்திக்கொண்டிருக்கிறேன். படத்தில் மகன் மட்டும். பிறகு ஓரத்திலிருந்து அக்காவின் கை வருகிறது. எந்தப் பிள்ளையையும் தொடாத அக்கா, என் மகனின் இடது கையைத் தன் உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்துக்கொள்கிறார். உறையை அவிழ்த்த அதே கையால். மறு கையால் கிலுக்கை நீட்டுகிறார். மகன் இடது கையை இழுக்கிறான். அவர் விடவில்லை. வலது கை, கட்டைவிரலை உள்ளே வைத்து மடங்கிய அந்தச் சின்னக் கை, தோளிலிருந்து மொத்தமாக ஒருமுறை உதறுகிறது. நின்றுவிடுகிறது.

"எடு மக்கா" என்கிறது அக்காவின் குரல், மிகவும் மெல்லிதாக. "வலது கைய எடு. எடுடா கண்ணு. எடு."

அந்தக் கை மறுபடி அசையவில்லை. உள்ளே என் சத்தம்கூட நின்றுவிட்டது. அக்கா அவன் இடது கையை விட்டுவிடுகிறார். அது உடனே பறந்து கிலுக்கைப் பிடிக்கிறது. ஒரு நீண்ட பெருமூச்சு. படம் முடிந்தது.

அதற்கு அடுத்த நிமிடம்தான் நான் தேநீரோடு வந்திருக்க வேண்டும். அவருக்கு அப்போதே தெரியும்.

அவருடைய அப்பா இறந்தபோது அக்கா ஊருக்கு வந்தார். என் மகனுக்கு நான்கு வயது. பதினாறாம் நாள் முடிந்து கூட்டம் கலைந்ததும் மகனோடு போனேன். துக்க வீட்டில் கேட்கலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அவர் வழக்கம்போல முதலில் கையைத்தான் பார்த்தார். என் கையை அல்ல.

"சி.டி.ய பாத்தியா?" என்று அவராகவே கேட்டார்.

"பாத்தேன்."

"அதுக்குத்தான் தந்தேன்."

"வாயால சொல்லியிருக்கலாமே அக்கா."

அவர் தரையைப் பார்த்தார். "நான் மருந்து பாக்குற டாக்டர் இல்லட்டி. எனக்கு உறுதியும் இல்ல. தப்பாச் சொல்லியிருந்தா? நீ இருக்குற பேடிக்கு அத எப்பிடித் தாங்கியிருப்ப?"

"அப்ப, உறைய மட்டும் எதுக்குக் கெட்டாதன்னு சொன்னீங்க? உங்க அப்பாவுக்குத் துவர்த்து கெட்டினீங்களே."

"கெட்டினா கணக்கு மாறிப்போவும்" என்றார். பிறகு, எனக்குச் சொல்வதா தனக்கே சொல்வதா என்று தெரியாத குரலில், "பேராசிரியர் அந்தப் பிள்ளைய ஆராய்ச்சில இருந்து எடுத்துரச் சொன்னாரு. அவன எடுத்தா எனக்க கையில ஒண்ணுமே நிக்கல்ல. இன்னும் ஒரு மாசம் பாப்போம், இன்னும் ஒரு மாசம் பாப்போம்னு..." என்று நிறுத்தினார்.

ஸ்டூலில் ஒரு தட்டில் முறுக்கு இருந்தது. மகன் வலது கையை நீட்டினான். பயிற்சியில் பழகியது. கை மெதுவாகப் போனது, தட்டின் விளிம்பில் தயங்கியது. சட்டென்று அக்காவின் கை முன்னால் வந்து தட்டை அவன் பக்கம் நகர்த்தப் போனது.

"விடுங்க" என்றேன். "அவனே எடுப்பான்."

எடுத்தான். ஒரு துண்டு கீழே விழுந்தது. நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அவரை அதன்பிறகு பார்க்கவில்லை. என் பயத்தைக் காரணம் சொன்னாரே, அது பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உண்மையாக இருந்தால் எனக்கு ஏச ஆளில்லை.

அவர் என்னிடம் விட்டுப்போனது ஒரு பழக்கம். நானும் இப்போது யாரைப் பார்த்தாலும் முதலில் கையைத்தான் பார்க்கிறேன். போன மாதம் வடசேரியிலிருந்து தோவாளை போகும் பேருந்தில் என் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். சின்ன வயது. இடது இடுப்பில் குழந்தை, ஏழு எட்டு மாதம் இருக்கும். அது கம்பியைப் பிடித்தது, அவள் தாலியைப் பிடித்தது, என் முந்தானையைப் பிடித்தது. எல்லாம் இடது கையால். இடுப்பை மாற்றி வைத்தபோதும் வலது கை மடங்கியே இருந்தது, கட்டைவிரல் உள்ளே.

நான் யார் சொல்வதற்கு? டாக்டரா? தப்பாக இருந்தால் இந்தப் பெண் இன்றைக்குச் சோறு தின்பாளா? சொல்லாமல் இறங்கிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நிறுத்தம் போனது. இன்னும் மூன்று போயின. அக்கா இப்படித்தான் நின்றிருப்பார் என்று முதல் தடவையாகத் தோன்றியது. அந்த நினைப்பைத் தாங்க முடியவில்லை.

"தங்கச்சி" என்று தோளைத் தொட்டேன். "பிள்ளைக்க வலது கைய ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிரு, என்னா?"

"எனக்க பிள்ளைக்கு என்ன கொற?" என்று திரும்பினாள். "போற எடத்துலெல்லாம் கண்ணு வைக்கதுக்குன்னு ஒவ்வொருத்தரு." குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்தி மறைத்துக்கொண்டு பின்பக்கம் நகர்ந்துபோனாள். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். டிக்கெட்டின் பின்புறம் டாக்டர் இருக்கும் இடத்தை எழுதி, இறங்கும்போது அவள் பையில் செருகினேன். எடுத்து எறிந்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்; வெறும் இடுப்புப் பழக்கமாக இருக்கலாம்.

எனக்கு நான்கு நிறுத்தம் பிடித்தது. அக்காவுக்கு எட்டு மாதம் இருந்தது.